நித்தியமும் நாலு சென்ட் நிலமும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன: சாவு, அதற்கு அப்புறம் வருவது, அதுவரை இங்கே எப்படி இருப்பது. நான் 34 வருஷம் ஆயராக இருந்தவன். தமிழ்நாடு, கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் சில சபைகள், இந்தப் பக்கம் சில சபைகள். இப்போது பாறசாலையை அடுத்த ஒரு கிராமத்தில் அரை ஏக்கர் ரப்பரோடு இருக்கிறேன். இறையியல் கல்லூரியில் படித்ததைவிட அடக்க ஆராதனை நடத்திய வீடுகளில் கற்றுக்கொண்டது அதிகம். அந்த வீடுகளை நினைத்துக்கொண்டுதான் பதில் எழுதுகிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயரைப் போடவில்லை, ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

என் கணவர் எட்டு மாதத்துக்கு முன் மாரடைப்பில் இறந்துபோனார். அடக்கத்துக்கு வந்த ஒரு பிரசங்கியார், "விசுவாசி அழக்கூடாது, அழுதால் பரலோகத்தை நம்பவில்லை என்று அர்த்தம்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அன்றிலிருந்து பிள்ளைகளுக்குத் தெரியாமல் குளியலறையில்தான் அழுகிறேன். அவருடைய சட்டைகளை இன்னும் யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. என் விசுவாசம் குறைந்துபோனதா?
*ஒரு சகோதரி, களியக்காவிளை*

இல்லை அம்மா. குறையவில்லை.

யோவான் 11-ம் அதிகாரத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லாசரு இறந்துவிட்டான். இயேசு பெத்தானியாவுக்குக் கிளம்பும் முன்பே சீஷர்களிடம், "நான் அவனை எழுப்பப்போகிறேன்" என்று சொல்லிவிட்டார். அவருக்கு முடிவு தெரியும். இன்னும் கொஞ்ச நேரத்தில் லாசரு கல்லறையைவிட்டு நடந்து வெளியே வருவான் என்று தெரியும். தெரிந்தும், லாசருவின் சகோதரி மரியாள் அழுவதைப் பார்த்ததும் "இயேசு கண்ணீர் விட்டார்". பக்கத்தில் நின்றவர்கள் அதைப் பார்த்து, இவருக்கு விசுவாசம் இல்லை என்று சொல்லவில்லை. "எவ்வளவாய்ச் சிநேகித்தார்" என்றுதான் சொன்னார்கள்.

பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல" துக்கிக்க வேண்டாம் என்கிறார். அந்தப் பிரசங்கியார் முன்பாதியை விட்டுவிட்டு "துக்கிக்க வேண்டாம்" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார். நம்பிக்கை உள்ளவர்களும் துக்கப்படுவார்கள், அந்தத் துக்கத்தின் தன்மை வேறு என்பதுதான் அங்கே பேச்சு. பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தைப் பாருங்கள். முதல் அதிகாரத்தில் சாவு எனக்கு ஆதாயம் என்று எழுதிய அதே மனுஷன், இரண்டாம் அதிகாரத்தில், தன் நண்பன் எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்து பிழைத்ததைச் சொல்லும்போது, தேவன் "துக்கத்தின்மேல் துக்கம்" வராமல் என்மேல் இரங்கினார் என்று எழுதுகிறார். தன் சாவு ஆதாயம், நண்பனின் சாவு துக்கம். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுத அவருக்குத் தயக்கம் இல்லை.

நானும் இளம் ஆயராக இருந்தபோது ஒரு வீட்டில் அந்தப் பிரசங்கியார் மாதிரியே பேசியிருக்கிறேன். அந்த வீட்டு அம்மா உடனே அழுகையை நிறுத்தினார்கள். நான் நன்றாகப் பேசிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். நாலு வருஷத்துக்கு முன் என் மனைவி போனபோதுதான் அந்த வீட்டில் நான் என்ன செய்தேன் என்று எனக்கு உறைத்தது. சமையலறைக் காலண்டரில் தினமும் எத்தனை ரப்பர் ஷீட் அடித்தோம் என்று அவள் எழுதி வைப்பாள். அந்த நவம்பரில் 19-ம் தேதிக் கட்டத்தோடு எழுத்து நிற்கிறது. அந்தக் காலண்டரை நான் இன்னும் ஆணியிலிருந்து இறக்கவில்லை.

சட்டைகள் அங்கேயே இருக்கட்டும். ஒரு நாள் யாருக்காவது தேவை என்று தெரியும்போது உங்கள் கையே எடுத்துக் கொடுக்கும். அப்புறம், குளியலறையில் அழ வேண்டாம். பிள்ளைகள் முன்னால் அழுங்கள். அவர்களும் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு வேதாகமம். என்னுடையது தமிழ், மனைவியுடையது மலையாளம். பிரசங்கி 3:11-ல் தமிழில் "உலகத்தையும் அவர்கள் உள்ளத்திலே வைத்திருக்கிறார்" என்று இருக்கிறது. மலையாளத்தில் அந்த இடத்தில் "நித்யத" என்று இருக்கிறது. உலகமும் நித்தியமும் எதிரெதிரான சொற்கள் ஆயிற்றே, எது சரி?
*ஒரு வாசகர், வெள்ளறடை*

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

எபிரெய மூலத்தில் அந்தச் சொல் "ஓலாம்". எல்லை தெரியாத நீண்ட காலம், தொடக்கமும் முடிவும் நம் கண்ணுக்கு எட்டாத காலம் என்பது அதன் பொருள். "என்றென்றைக்கும்" என்று நாம் சங்கீதங்களில் வாசிக்கும் பல இடங்களில் மூலத்தில் இந்தச் சொல்தான் இருக்கிறது. பிற்கால எபிரெயத்தில் இதே சொல்லுக்கு "உலகம்" என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. 1611-ல் வந்த ஆங்கில வேதாகமமும் இந்த வசனத்தில் உலகம் என்றுதான் போட்டது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் அப்படியே. மலையாளக்காரர்கள் நித்தியம் என்று எடுத்துக்கொண்டார்கள். பிரசங்கியின் புத்தகத்தில் அந்த அதிகாரம் முழுக்கக் காலத்தைப் பற்றியே பேசுவதால் – பிறக்க ஒரு காலம், இறக்க ஒரு காலம் – நித்தியம் என்ற பொருளே அங்கே நன்றாகப் பொருந்துகிறது. சரி எது என்று கேட்டால் என் பதில் உங்கள் மனைவியின் பக்கம்.

இனி அந்தக் காரணம். என் மனைவி நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு மலையாளச் சபையில் வளர்ந்தவள். ராத்திரி ஜெபத்தில் நான் தமிழில் ஒரு வசனம் வாசிப்பேன், அவள் அதையே மலையாளத்தில் வாசிப்பாள். கல்யாணமான புதிதில் ஒரு நாள் இதே வசனத்தில் இரண்டு பேரும் முட்டிக்கொண்டோம். நான் எழுந்து போய் அகராதியைப் புரட்டினேன். திரும்பி வந்து எபிரெயம் அது இது என்று விளக்கம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "ரெண்டையும் வெச்சிருக்காருன்னு எடுத்துக்கலாமே. ஒலகமும் உள்ள இருக்கு, நித்யதயும் உள்ள இருக்கு. அதனாலதானே மனுஷனுக்கு இருப்புக் கொள்ள மாட்டேங்குது" என்றாள்.

மொழியியல்படி அது சரியான விளக்கம் ஆகாது. ஆனால் இத்தனை வருஷத்தில் இந்த வசனத்துக்கு அதைவிட உண்மையான ஒரு விரிவுரையை நான் எங்கும் படிக்கவில்லை. அடுத்த இரண்டு வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள். நித்தியத்தைப் பற்றிப் பேசிய கையோடு பிரசங்கி, மனுஷர் புசித்துக் குடித்துத் தங்கள் பிரயாசத்தின் பலனை அனுபவிப்பது தேவனுடைய அனுக்கிரகம் என்கிறார். நித்தியம் என்று தொடங்கி நேரே சோற்றுத் தட்டுக்கு வந்துவிடுகிறார்.

என் மகனுக்கு 26 வயது. ஐ.டி.ஐ. முடித்து திருவனந்தபுரத்தில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தான். ஒரு ஜெபக்குழுவோடு சேர்ந்த பிறகு, கர்த்தர் சீக்கிரம் வருகிறார், இனி எதற்கு வேலை என்று விட்டுவிட்டான். இன்ஷூரன்ஸ் கட்டுவதையும் நிறுத்திவிட்டான். கல்யாணமும் வேண்டாமாம். "நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது" என்று வசனம் சொல்கிறான். வசனத்தோடு பேசுகிறவனிடம் நான் என்ன சொல்வது?
*ஒரு தாய், குழித்துறை*

தாயாரே, உங்கள் அனுமதியோடு மகனிடமே பேசுகிறேன்.

தம்பி, கர்த்தர் வருகிறார் என்பதை நானும் நம்புகிறேன். ஒவ்வொரு திருவிருந்திலும் அதை அறிக்கை செய்கிறேன். உன் ஆவலைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீ சொல்லும் அந்த வசனம் எந்த ஊர்க்காரர்களுக்கு எழுதப்பட்டது என்று பார். பிலிப்பி மக்கதோனியாவில் இருந்த ஒரு ரோமக் குடியேற்ற ஊர். ஓய்வு பெற்ற ரோமச் சிப்பாய்களுக்கு அங்கே நிலம் கொடுத்துக் குடிவைத்தார்கள். அவர்களுடைய குடியுரிமை ரோமில் இருந்தது, வீடும் வயலும் பிலிப்பியில் இருந்தன. அவர்கள் எப்போது ரோமுக்குத் திரும்புவோம் என்று மூட்டை கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கவில்லை. பிலிப்பியில் ரோமர்களாக வாழ்வதுதான் அவர்களுக்கு வைத்த வேலை. "குடியிருப்பு" என்று பவுல் எழுதியபோது அந்த ஊர்க்காரர்களுக்கு அது சட்டென்று புரிந்திருக்கும்.

எங்களுக்கும் புரியும். 1956 நவம்பர் 1-ம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எனக்கு அப்போது மூன்று வயது. எங்கள் வீடு கேரளத்தில், அப்பாவின் அண்ணன் தம்பிகள் வீடெல்லாம் தமிழ்நாட்டில். அப்பா சாகும்வரை தமிழில் ஜெபித்தார், தமிழில் சண்டை போட்டார், தமிழ்ச் செய்தித்தாள் வாங்கக் களியக்காவிளைக்கு நடந்து போவார். தன் மனம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் பாறசாலைப் பக்கம் ஊர்க்கிணறு தூர்ந்தபோது மண்வெட்டியோடு முதலில் இறங்கியவர் அவர்தான். தண்ணீர் அங்கே குடிக்கிறோம், அங்கேதான் இறங்க வேண்டும் என்பார்.

எரேமியா பாபிலோனில் சிறையிருந்த ஜனங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினான். அவர்களும் சீக்கிரம் ஊர் திரும்பிவிடுவோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். சீக்கிரம் சீக்கிரம் என்று சொல்லித் தைரியம் கொடுக்கும் தீர்க்கதரிசிகளும் அங்கே இருந்தார்கள். எரேமியாவோ, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பெண் எடுத்துப் பெண் கொடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று எழுதினான். திரும்பிப் போவது உண்மை, ஆனால் அதற்கு 70 வருஷம் ஆகும் என்றும் எழுதினான். தெசலோனிக்கேயாவிலும் உன்னைப் போலச் சிலர் வேலையை விட்டார்கள். "ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால் அவன் சாப்பிடவுங்கூடாது" என்று பவுல் எழுதியது அவர்களுக்குத்தான். கர்த்தரின் வருகையைப் பற்றி வேறு எந்தச் சபைக்கும் எழுதாத அளவுக்கு அந்தச் சபைக்கு எழுதியவர் அவர். எழுதிய கையாலேயே கூடாரத் துணி தைத்துப் பிழைத்தார்.

இன்னொன்றும் சொல்கிறேன். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி தானியேலின் புத்தகத்தைக் கணக்குப் போட்டுக் கர்த்தரின் வருகையைப் பிரசங்கித்தார். அந்த இயக்கத்தார் கடைசியில் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தார்கள். நம்பியவர்களில் சிலர் விளைந்ததை அறுக்காமல் வயலிலேயே விட்டார்கள். அன்று இரவு விழித்திருந்து, விடிந்ததும் குழந்தைகளைப் போல அழுதார்கள். அவர்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் அன்பு நிஜம். ஆனால் அந்த நாளையும் நாழிகையையும் குமாரனும் அறியார் என்று அவரே சொல்லியிருக்கும்போது, நாம் ஏன் அதைக் கணக்குப் போட வேண்டும்?

ரப்பர் கன்று வைத்தால் பால் வெட்ட ஏறத்தாழ ஏழு வருஷம் ஆகும். 66-வது வயதில் நான் கன்று வைத்தேன். ஊர்க்காரர் ஒருவர், "ஆயரே, யாருக்கு?" என்று கேட்டார். கர்த்தர் வந்தால் என் கையில் மண் ஒட்டியிருக்கட்டும் என்றேன். தம்பி, உன் ஸ்பானரை எடு. இந்த மேடமாதச் சூட்டில் ஒரு வயசாளி வீட்டில் ஏ.சி. ஓடாமல் கிடக்கும். போய்ப் பார்.

என் மாமியாருக்கு 84 வயது. படுக்கையில் இருக்கிறார்கள். காலையும் மாலையும், "கர்த்தாவே, என்னை எடுத்துக்கொள்ளும்" என்றே ஜெபிக்கிறார்கள். இப்படிச் சாவைக் கேட்டு ஜெபிப்பது பாவமா? கேட்கிற எங்களுக்குத்தான் நெஞ்சு கனக்கிறது.
*ஒரு மருமகள், அமரவிளை*

பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். எலியா ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று ஜெபித்தான். தேவன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அவனைத் தூங்க விட்டார். தூதன் வந்து தட்டி எழுப்பியபோது தழலில் சுட்ட ஒரு அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் பக்கத்தில் இருந்தன. சாப்பிட்டான், திரும்பத் தூங்கினான், இன்னொரு முறையும் சாப்பிட்டான். பேச்சு எல்லாம் ஓரேபுக்குப் போன பிறகுதான்.

அதனால் முதலில் அம்மச்சிக்கு வலி இருக்கிறதா என்று பாருங்கள். வலியால் வரும் ஜெபமும், வாழ்ந்து நிறைந்து வரும் ஜெபமும் கேட்க ஒன்றுபோல இருக்கும். பல வயசானவர்கள் பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக்கூடாது என்று வலியை மறைப்பார்கள். படுக்கைப் புண் இருக்கிறதா என்று முதுகைத் திருப்பிப் பாருங்கள். நீங்கள் கேரளத்தில் இருக்கிறீர்கள். இந்த மாநிலம் 2008-லேயே பாலியேட்டிவ் சிகிச்சைக்கு, அதாவது தீராத நோயில் வலியைத் தணிக்கும் பராமரிப்புக்கு, ஒரு கொள்கை வகுத்தது. பஞ்சாயத்து வழியாக வீட்டுக்கே நர்ஸ் வருவார்கள். வார்டு மெம்பரிடமோ ஆஷா பணியாளரிடமோ இன்றைக்கே சொல்லுங்கள். வலி தணிந்த பிறகு அம்மச்சியின் ஜெபம் மாறுவதை நான் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

வலி இல்லை, போக ஆசைதான் என்றால், அதுவும் நல்லதே. பவுல் "இவ்விரண்டினாலும் நான் நெருக்கப்படுகிறேன்" என்று எழுதினார். போய்க் கிறிஸ்துவோடு இருக்க ஆசை, ஆனால் இருப்பது உங்களுக்கு அவசியம் என்றார். உங்கள் மாமியாருக்கு அந்த இரண்டாவது பாதியை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். தான் யாருக்கும் அவசியம் இல்லை என்று நினைத்துக்கொண்டு கிடப்பார்கள். பேரப்பிள்ளையின் பரீட்சைக்கு ஜெபிக்கச் சொல்லுங்கள். குழம்பைக் கொண்டுபோய் உப்பு பார்க்கச் சொல்லுங்கள்.

நான் பொது மருத்துவமனையில் நர்ஸ். இன்னும் ஒரு வாரமோ பத்து நாளோ இருக்கப்போகிறவர்களின் புண்ணைத் துடைத்துக் கட்டுவதுதான் பெரும்பாலும் என் வேலை. "அழிந்துபோகும் சரீரத்துக்கு இவ்வளவு பாடுபடுகிறாயே, ஆத்துமாவுக்கு ஏதாவது செய்" என்று என்னோடு ஜெபிக்கும் ஒருவர் சொன்னார். அன்றிலிருந்து கை ஓடவில்லை.
*ஒரு சகோதரி, மார்த்தாண்டம்*

மகளே, உங்கள் ஊரிலிருந்து நெய்யூர் ரொம்பத் தூரம் இல்லை. லண்டன் மிஷன் 1838-ல் அங்கே மருத்துவப் பணியைத் தொடங்கியது. அங்கே வந்து வேலை செய்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

டாக்டர் தியோடர் ஹோவர்டு சோமர்வெல், அறுவை சிகிச்சை நிபுணர். முதல் உலகப்போரில் சோம் யுத்தகளத்தில் காயம்பட்டவர்கள் வரிசை வரிசையாகக் கிடக்க, ராப்பகலாக அறுவை செய்தவர். மலையேறுகிறவர். 1922-ல் எவரெஸ்ட் குழுவோடு போனார். அந்தப் பயணத்தில் பனிச்சரிவில் ஏழு சுமைக்காரர்கள் செத்தார்கள். அது முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கத் தெற்கே வந்தவர் நெய்யூருக்கும் வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் காத்துக் கிடந்த கூட்டத்தையும், உள்ளே தனி ஆளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்த டாக்டர் பியூவையும் பார்த்தார். இங்கிலாந்தில் தனக்கு இருந்த எதிர்காலத்தை விட்டு நெய்யூருக்கே வந்துவிட்டார். 1924-ல் மறுபடி எவரெஸ்ட். ஆக்சிஜன் இல்லாமல் ஏறத்தாழ 8,500 மீட்டர் உயரம்வரை போனார். இறங்கும்போது தொண்டை அடைத்து மூச்சு நின்று, சாக உட்கார்ந்துவிட்டார். கடைசியாக நெஞ்சைத் தானே அமுக்கி, அடைத்ததைத் துப்பிப் பிழைத்தார். சில நாளில் அதே மலையில் அவருடைய நண்பர் மேலரி காணாமல் போனார். சோமர்வெல் திரும்ப நெய்யூருக்கு வந்து இருபது வருஷத்துக்கும் மேல் இங்குள்ளவர்களின் வயிற்றுப் புண்ணை அறுத்துத் தைத்துக்கொண்டிருந்தார். உலகத்தின் உச்சிக்குக் கிட்டே போய் வந்தவர் நம் ஊர் மரச்சீனிக் கிழங்கு தின்ற வயிறுகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

என் பாட்டிக்கும் அந்த ஆஸ்பத்திரியில்தான் வயிற்றில் அறுவை நடந்தது. யார் செய்தது என்று அவளுக்குத் தெரியாது. "வெள்ளைக்கார டாக்டர்" என்பாள், அவ்வளவுதான். அதற்கப்புறம் 31 வருஷம் இருந்தாள். அந்த வருஷங்களில்தான் நான் பிறந்தேன். அவள் மடியில் உட்கார்ந்துதான் 23-ம் சங்கீதம் படித்தேன். இன்றைக்கு அந்தக் காலத்தில் நெய்யூரில் அறுவைக்குப் படுத்தவர்கள் அனேகமாக எல்லாரும் கல்லறையில் இருக்கிறார்கள். உங்களைக் கேள்வி கேட்டவரின் கணக்குப்படி அத்தனையும் வீண். பவுல் 1 கொரிந்தியர் 15-ல் 57 வசனம் உயிர்த்தெழுதலைப் பற்றியே பேசிவிட்டு, 58-வதில் என்ன சொல்லி முடிக்கிறார் என்று பாருங்கள். ஆகையால் உங்கள் பிரயாசம் விருதாவாயிராது என்கிறார். சரீரம் எழுந்திருக்கப் போகிறது என்றால் நீங்கள் துடைக்கும் அந்த முதுகு தேவனுக்கு வேண்டியது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று பார்த்துத் துடையுங்கள்.

எங்களுக்கு மொத்தமே நாலு சென்ட் நிலம். சபைக் கல்லறைத் தோட்டத்திலும் இடம் இல்லை. என்னை எரித்துவிடுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லலாமா? எரித்தால் உயிர்த்தெழுதல் உண்டா?
*ஒரு வாசகர், உதியன்குளங்கரை*

உண்டு. மண்ணில் கிடந்தாலும் சரீரம் மண்ணாகத்தான் போகிறது, தீ அதைச் சீக்கிரம் செய்கிறது. தீயில் வெந்து செத்த இரத்தசாட்சிகளைத் தேவன் எழுப்ப மாட்டார் என்று யாரும் சொல்லத் துணிய மாட்டோம். கத்தோலிக்கத் திருச்சபையே 1963-ல் தகனத்துக்கு அனுமதி கொடுத்தது. பிள்ளைகளிடம் இப்போதே தெளிவாகப் பேசி எழுதி வையுங்கள். சாவு வீட்டில் அண்ணன் தம்பி இதற்காக அடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

பரலோகத்தில் கணவன் மனைவி உறவு இருக்குமா?
*ஒரு வாசகி, நெய்யாற்றின்கரை*

உயிர்த்தெழுந்தவர்கள் பெண்கொள்வதும் கொடுப்பதும் இல்லை என்று கர்த்தர் சொல்லியிருக்கிறார். லூக்கா 20-ல் வாசியுங்கள். அந்த இடத்தை வாசிக்க எனக்கு இப்போதும் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் "அன்பு ஒருக்காலும் ஒழியாது" என்றும் எழுதியிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு தூங்கப் போகிறேன்.

2017 ஒக்கிப் புயலில் என் மகன் போனான். உடல் கிடைக்கவில்லை. கல்லறைத் திருநாள் அன்று எல்லாரும் பூவும் மெழுகுதிரியும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நான் எங்கே போக? நாங்கள் கத்தோலிக்கர், நீங்கள் வேறு சபை. இருந்தாலும் கேட்கிறேன்.
*ஒரு தாய், வள்ளவிளை*

அம்மா, நீங்கள் கேட்டதே எனக்குப் பெரிய காரியம்.

அந்த நவம்பர் 30-ம் தேதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் தோட்டத்தில் மரங்கள் முறிந்து விழுந்தன, நாங்கள் அதையே பெரிய நஷ்டமாகப் பேசிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள்தான் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளையிலிருந்து ஆழ்கடலுக்குச் சுறா பிடிக்கப் போன படகுகள் பற்றி எங்களுக்கு முழுதாகத் தெரிந்தது. மரங்களைப் பற்றிப் பேசியதற்காக வெட்கப்பட்டேன்.

139-ம் சங்கீதத்தில், "சமுத்திரத்தின் கடையாந்தரங்களிலே போய்த் தங்கினாலும், அங்கேயும் உமது கை என்னை நடத்தும்" என்று இருக்கிறது. வெளிப்படுத்தின விசேஷம் 20-ல் கடைசி நாளைச் சொல்லும்போது முதலில் கல்லறைகளைச் சொல்லவில்லை. "சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது" என்றுதான் தொடங்குகிறது. யோவான் அதை எழுதியபோது பத்மு தீவில் இருந்தார். நாலு பக்கமும் கடல். கடல் எத்தனை பேரை வைத்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கடலிடம் கொடுத்தது கடலுக்குச் சொந்தம் ஆகிவிடாது அம்மா, அது திரும்ப ஒப்படைத்தாக வேண்டும்.

எங்கள் சபைகள் எல்லாவற்றுக்கும் மூலமான ஒருவருக்கும் கல்லறை இல்லை. ரிங்கல்தோபே என்ற மிஷனரி 1806-ல் மைலாடிக்கு வந்தார். பத்து வருஷம் ஊர் ஊராக நடந்தார். 1816-ல் உடம்புக்கு முடியாமல் கப்பல் ஏறினார். அதற்கப்புறம் அவர் எங்கே இறந்தார், எங்கே அடக்கம் செய்தார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவருக்குப் பூ வைக்க எங்களுக்கும் இடம் இல்லை. ஆனால் அவர் இல்லாமல் போய்விட்டார் என்று எங்களில் ஒருவரும் நினைப்பதில்லை.

உங்கள் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். கல்லறைத் தோட்டத்தில் மகன் பெயர் பொறித்த ஒரு சிறிய கல் வைக்க அவர் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். அது வரும்வரை, நவம்பர் 2-ம் தேதி யாரும் வராத ஏதாவது ஒரு கல்லறைக்கு அந்தப் பூவை வையுங்கள். உங்கள் மகன் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். அன்றைக்கு இங்கே நானும் அவனுக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றுகிறேன். எங்கள் சபையில் அந்த வழக்கம் கிடையாது. பரவாயில்லை.

இறந்து சில நிமிஷம் பரலோகம் போய்த் திரும்பி வந்தேன் என்று சாட்சி சொல்லும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. அம்மா போன பிறகு அப்பா அதையேதான் பார்க்கிறார். ராத்திரி சாப்பாட்டைக்கூட அறையிலேயே வைத்துக்கொண்டு தனியாக, போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார். இவற்றை நம்பலாமா?
*ஒரு மகள், பளுகல்*

ஒவ்வொரு சாட்சியையும் தனித்தனியாக எடுத்து உண்மை, பொய் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அப்பா அதில் என்ன தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். உங்கள் அம்மாவைத் தேடுகிறார். அந்த வீடியோவில் யாராவது ஒருவர், அங்கே இப்படி ஒரு அம்மாவைப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டாரா என்று தேடுகிறார். நானும் என் மனைவி போன அந்த நவம்பருக்குப் பிறகு கொஞ்ச நாள் தேடினேன்.

முதல் கேள்வியில் சொன்ன லாசருவுக்கே திரும்பி வருகிறேன். அந்தப் பெயருக்கு "தேவன் சகாயம் செய்தார்" என்று பொருள். 1745-ல் நட்டாலத்து நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் எடுத்தபோது அவருக்கு வைத்த லாசரு என்ற பெயர்தான் நம் பேச்சில் தேவசகாயம் ஆனது. பெத்தானியா லாசரு சில நிமிஷம் செத்தவன் கிடையாது. நாலு நாள் கல்லறையில் இருந்தவன், நாறுமே என்று சொந்தச் சகோதரியே சொன்னாள். உலகத்தில் யாரிடமாவது "அங்கே என்ன பார்த்தாய்?" என்று கேட்க வேண்டுமானால் அவனிடம்தான் கேட்க வேண்டும். அவன் சொன்னதாக ஒரு வார்த்தையும் சுவிசேஷத்தில் இல்லை. ஜனங்கள் அவனைப் பார்க்கக் கூட்டமாக வந்தார்கள் என்று இருக்கிறது. அவன் பேசியதாக இல்லை.

கல்லறையிலிருந்து வந்த பிறகு வேதத்தில் அவனை அடுத்து எங்கே பார்க்கிறோம் தெரியுமா? யோவான் 12, இரண்டாம் வசனம். இயேசுவுக்கு ராத்திரிச் சாப்பாடு செய்தார்கள். "மார்த்தாள் பணிவிடைசெய்தாள், லாசருவும் அவருடனேகூடப் பந்தியிருந்தவர்களில் ஒருவனாயிருந்தான்." செத்துத் திரும்பியவன் சாப்பிட உட்கார்ந்திருக்கிறான். அக்கா பரிமாறுகிறாள். பக்கத்தில் கர்த்தர்.

மகளே, அப்பாவிடம் வீடியோ பொய் என்று வாதாட வேண்டாம். இன்று ராத்திரி மீன்குழம்பைச் சூடாக்கி மேஜையில் வை. அம்மா உட்காரும் நாற்காலியை எடுத்துவிடாதே, அங்கேயே இருக்கட்டும். அப்பா தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போகக் கிளம்பினால் கையைப் பிடித்து, "அப்பா, இங்க உட்காருங்க. அம்மா கொழம்புக்குப் புளி எவ்வளவு போடுவாங்க, எனக்குச் சரியா வரல" என்று கேள்.